ஏழாம் நம்பர் லீடு

என் மிக்சரில் ஏழாவது சேனலுக்கு மேலே ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் ‘லீடு’ என்று எழுதியிருக்கும். ஒன்று ரிதம் பேடு, இரண்டு தபேலா, மூன்று பேஸ், நான்கும் ஐந்தும் கீபோர்டு, ஆறு காலி, ஏழு லீடு, எட்டிலிருந்து பாடுகிறவர்கள். ஆறில் முதலில் புல்லாங்குழல்தான் இருந்தது. குழல்காரரின் மைக்கில் குழலைவிடப் பக்கத்தில் இருந்த லீடு கிட்டார்தான் அதிகமாகக் கேட்டது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வேறு ட்ரூப்புக்குப் போனார். அதற்குப் பிறகு ஆறாவது இடத்துக்கு யாரும் வரவில்லை.

டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு நான் சேர்ந்த வேலை அது. கும்பகோணத்தைச் சுற்றிக் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து என்று பாட்டுக் கச்சேரி நடத்துகிற ட்ரூப்புக்கு சவுண்டு பார்ப்பது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. பேடு சாப்பிட்டாச்சா, கீபோர்டு வேனில் ஏறிடுச்சா என்றுதான் பேசிக்கொள்வோம். என்னை ‘சவுண்டு’ என்பார்கள். லீடு மட்டும் ‘இன்ஜினியரம்மா’ என்பார். டிப்ளமோக்காரி இன்ஜினியர் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார்.

கச்சேரிக்கு முன்னால் ஒவ்வொரு கருவியாக வாசிக்கச் சொல்லி அளவு வைப்பேன். எந்த சேனலிலும் சத்தம் அளவை மீறினால் அதன் மேலே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அது எரியக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அளவு வைக்கும்போது லீடு பூனைபோல வாசிப்பார். கச்சேரி தொடங்கியதும் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற தன் ஆம்ப் பெட்டியின் குமிழைத் திருகிவிடுவார். ஏழாம் நம்பர் சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

“அண்ணே, ஏழு ரொம்பக் கத்துது. கொஞ்சம் கொறைங்க.”

“கத்தலையே, சிரிக்குது.”

“செவப்பு எரியுதுண்ணே.”

“எரியட்டும் இன்ஜினியரம்மா. திருவிழான்னா நாலு எரியத்தான் செய்யும்.”

சினிமாப் பாட்டுகளுக்கு அவர் விருந்தாளி மாதிரி வாசிப்பார். கேட்ட இடத்தில் கேட்டதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவருடைய நேரம் இடைவெளியில் வரும். பாடகர் தண்ணீர் குடிக்கப் போவார், கமிட்டிக்காரர்கள் பொன்னாடையோடு மேடை ஏறுவார்கள், யாருக்கு முதலில் போர்த்துவது என்று அவர்களுக்குள் இழுபறி நடக்கும். அப்போது தடித்த கம்பிகளில் ஆரம்பிப்பார். வயலோரத்தில் ஆயில் இன்ஜின் பிடித்துக்கொண்டு ஓடுகிற தாளம் அது. ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை. நொண்டியடித்துக்கொண்டே முன்னால் போகும். மொத்தம் மூன்றே கார்டுகள், மூன்றே சுரக்கட்டுகள். அதற்கு மேலே மெல்லிய கம்பியை விரலால் நெம்பி நெம்பி, சந்தையில் விலை பேசுகிறவர்களின் குரலைக் கொண்டு வருவார். வார்த்தை கிடையாது. நடுவில் ‘ஏ... ஹேய்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேடும் பேஸும் தாமாகச் சேர்ந்துகொள்வார்கள்.

அதற்குப் பெயர் புளூஸ் ராக் என்று போனில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். அவரிடம் சொன்னேன்.

“பேரெல்லாம் வச்சிட்டானுவளா?” என்றார், புதிதாகக் கேட்கிறவர் போல.

அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஊர் நாகப்பட்டினம் பக்கம் கடலோரம், அப்பாவுக்குப் படகு இருந்தது என்பது வரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கதைகள் பிரியும். சரக்குக் கப்பல் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தபோது உடன் உரித்தவன் கற்றுக்கொடுத்தான் என்று பேஸுக்குச் சொல்லியிருந்தார். பாங்காக்கில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவியபோது சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் இதுதான் கேட்டது என்று என்னிடம் சொன்னார். இரண்டிலும் அவர் கை ஈரமாக இருந்தது என்பது மட்டும் ஒத்துப்போனது.

“ஏண்ணே எப்பவும் மூணே கார்டு? அலுக்கலையா?”

“மூணே வீடு உள்ள தெரு பாப்பா. எங்க சுத்துனாலும் வீட்டுக்கு வந்துடலாம். கேக்குறவனுக்கும் வழி தப்பாது. வழி தப்பாதுன்னு தெரிஞ்சாத்தான் மனுசன் ஆடுவான்.”

அவருடைய ஆம்ப் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தது. பாட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கரகரப்பு. வேலைக்கு வந்த புதிதில், ட்ரூப்பை நடத்திப் பாடவும் செய்கிற முதலாளியிடம் சொல்லிக் கூம்பை மாற்ற வைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது. லீடு இரண்டு பாட்டு வாசித்தார். மூன்றாவது பாட்டின்போது மேடையில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஷேவிங் பிளேடை எடுத்து, புதுக் கூம்பில் நீளமாக மூன்று கீறல் போட்டார். திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. சாம்பாரில் உப்பு போடுகிறவர் முகம்.

எந்த ஊருக்குப் போனாலும், கூட்டத்தில் கை கட்டிக்கொண்டு நிற்கிற ஒருவரைக் கண்டுபிடித்துவிடுவார். ஆடுகிறவர்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அந்தக் கை கட்டியவரைப் பார்த்துத்தான் வாசிப்பார். கட்டு அவிழும்வரை நிறுத்த மாட்டார். முதலாளி மேடை ஓரத்தில் நின்று ‘போதும், போதும்’ என்று சைகை காட்டுவார். பொன்னாடைக்காரர்கள் காத்திருப்பார்கள். இவர் கண்ணை எடுக்க மாட்டார். எனக்கு அது பிடிக்காது. ஒரு மனிதரை விடாப்பிடியாகப் பார்த்துக்கொண்டே இருப்பதில் ஒரு அத்துமீறல் இருப்பதாகப் படும்.

கும்பகோணத்தில் ஒரு வரவேற்பில் பெண்ணின் பெரியப்பா, பட்டு அங்கவஸ்திரம், முதல் வரிசை. சங்கீதம் தெரிந்தவர் என்று முகமே சொன்னது. கிட்டார் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

“என்னங்க இது? அரைச்சதையே அரைக்கிறீங்க. இதுல என்ன இருக்கு?”

“எனக்கென்னங்க தெரியும்? உங்க செருப்பக் கேளுங்க சார்.”

அவர் குனிந்து பார்த்தார். வலது செருப்பின் முனை, தரையில் சிந்தியிருந்த ரோஜா இதழ்களை அரைத்துக் கூழாக்கி வைத்திருந்தது. நேரே பந்திக்குப் போய்விட்டார்.

“நீயும் கைகட்டிதான் இன்ஜினியரம்மா,” என்றார் லீடு அன்று வேனில். “ஆனா ஒன்னய விட்டுட்டேன். வேல பாக்குறவங்கள நான் தொந்தரவு பண்றதில்ல.”

எங்கள் தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எந்தப் பாட்டு யாருடையது என்பது. இந்தப் பாட்டு இந்த நடிகருடைய ரசிகர்களுக்கு, இது இந்தக் கட்சிக்கு, இது இந்தத் தெருவுக்கு. மேடைக்குத் துண்டுச் சீட்டு வரும். ஒரு சீட்டுக்குப் பாடினால் அடுத்த தரப்புச் சீட்டுக்கும் பாடியாக வேண்டும். ஒருவருக்கு ‘ஒன்ஸ்மோர்’ கொடுத்து இன்னொருவருக்கு மறுத்தால் நாற்காலி பறக்கும். கிட்டாருக்கு மட்டும் சொந்தக்காரர்கள் கிடையாது. அதில் நடிகரும் இல்லை, கொடியும் இல்லை, பெருமை பேசுகிற வரியும் இல்லை. அதனாலேயே அது எங்களைப் பல ஊர்களில் காப்பாற்றியது.

குடவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; எல்லோருக்கும் தெரியும். கோயில் திடலில் நடுவே கயிறு கட்டி, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள். முதல் தடவை போனபோது, பொழுது சாயும் நேரத்தில் ஒரு சீட்டு தவறிப்போனது. கீழத் தெருச் சீட்டு. முதலாளி படிக்காமல் விட்டுவிட்டார். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்தார்கள். வசவுகள் தொடங்கின. முதலாளி மைக்கில் ‘அமைதி, அமைதி’ என்றது யார் காதிலும் விழவில்லை.

லீடு யாரையும் கேட்காமல் ஆரம்பித்தார். குமிழைக் கடைசிவரை திருகியிருந்தார்.

கீழத் தெருப் பக்கம் தேர்க் கொட்டகைத் தூணில் சாய்ந்து, கை கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். அறுவடை மிஷின் ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. லீடு அவரைப் பிடித்துக்கொண்டார். மூன்று வீட்டையும் எத்தனை சுற்று சுற்றினார் என்று எனக்குத் தெரியாது. முதலில் மிஷின்காரரின் தோள் அசைந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவே வந்துவிட்டார். அவர் ஆடியது அவருடைய மிஷின் ஆடுவதைப் போல இருந்தது. உடம்பு முழுக்கக் குலுங்கி, கால் மட்டும் நிதானமாக. அவரைப் பார்த்து மேலத் தெருவிலிருந்து இரண்டு பேர் கயிற்றைத் தாண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கயிறு எங்கே போனது என்று தெரியவில்லை.

“எப்படிண்ணே தெரியும், சண்டை நிக்கும்னு?”

“சண்ட போடணும்னா அடுத்தவன் திட்டுறது காதுல விழணும்ல? விழலன்னா எப்படிச் சண்ட போடுவான்?”

அந்த ஆட்டத்தை யாரோ போனில் எடுத்தார்கள். மேலத் தெருப் பையன்கள் அதை வெட்டி ஒட்டித் தங்கள் குழுவின் பெயரைப் போட்டு ரீல்ஸ் விட்டார்கள். மிஷின்காரர் ஆடிய பகுதி அதில் இல்லை. பெரிய அளவில் பரவியது. அந்தப் பக்கத்து ஊர்களில் அதை ‘மேலத் தெரு கிட்டார்’ என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். மாட்டுப் பொங்கல் அன்று பைக்குகளில் ஸ்பீக்கர் கட்டி, அதே கிட்டாரை அலறவிட்டுக்கொண்டு கீழத் தெரு வழியாக ஊர்வலம் போனார்கள். நிறுத்தச் சொன்னவர்களில் மிஷின்காரரும் ஒருவர். கைகலப்பில் அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. அறுவடை மும்முரத்தில் அவருடைய மிஷினை வேறு யாரோ ஓட்டினார்கள்.

திருவாரூர் போகிற வழியில் ஒரு டீக்கடையில் பேடு இதைப் போனில் காட்டினார். லீடு கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

“நம்ம பாட்டுக்கா?”

“ஆமாண்ணே.”

“நம்ம பாட்டப் போட்டுக்கிட்டா அடிச்சானுவ?”

வேனில் ஏறிய பிறகும் ஒருமுறை கேட்டார். அன்று வரவேற்பில் இடைவெளி வந்தது, அவர் வாசித்தார், ஏழாம் நம்பரில் சிவப்பு எரியவில்லை. அடுத்த கச்சேரியிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. இத்தனை நாளும் நான் கேட்டது அதைத்தான். ஆனால் அணைந்த அந்தப் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் வயரில் எங்கோ கோளாறு என்று என் கை தானாகப் போய்த் தட்டிப் பார்க்கும்.

அடுத்த சித்திரையில் குடவாசல் பக்கத்து அந்த ஊர்க் கமிட்டி எங்களைத்தான் கூப்பிட்டது. வேறு ட்ரூப் எதுவும் வர மாட்டேன் என்றுவிட்டது. ஊருக்குள் நுழையும்போதே திடலோரம் போலீஸ் வேன் நின்றது. கமிட்டித் தலைவரும் இன்ஸ்பெக்டரும் எங்கள் முதலாளியைத் தனியே அழைத்துப் பேசினார்கள். என்ன என்ன பாடக் கூடாது என்று விரல் விட்டு எண்ணினார்கள். கடைசி விரல் கிட்டாருக்கு.

“அது வந்துச்சுன்னா மேலத் தெருக்காரன் ஆடுவான். ஆடுனா கீழத் தெருக்காரன் பாத்துக்கிட்டு இருக்க மாட்டான்,” என்றார் கமிட்டித் தலைவர். “போன தடவ கை. இந்தத் தடவ கையோட நிக்காது. புரியுதாங்க?”

என் மேசையைத் திடலின் நடுவே, கயிறு ஓடுகிற இடத்திலேயே போட்டிருந்தார்கள். என்னையே வேலியாக வைத்த மாதிரி. முதலாளி வந்து குனிந்து சொன்னார்.

“அவன் கை சும்மா இருக்காதும்மா. ஆரம்பிச்சான்னா ஏழாம் நம்பர அமுத்திடு, சத்தமே வரக் கூடாது. யோசிக்காத.”

பின்னாலேயே லீடு வயரைச் சுற்றிக்கொண்டு நின்றார். கேட்டுவிட்டார்.

“அமுத்திடு இன்ஜினியரம்மா. நானா இருந்தாலும் அமுத்துவேன்.”

வெயில் இறங்கி, திடல் லைட்டுகள் போட்ட நேரம். சாமி பாட்டு முடிந்தது. இரண்டு பழைய டூயட் முடிந்தது. கீழத் தெருப் பக்கம் முன்வரிசையில் மிஷின்காரர் நின்றார். கை கட்டியிருந்தார் என்று முதலில் நினைத்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் கை கட்டி நின்றார்கள், வரிசையாக.

மேலத் தெருப் பக்கத்திலிருந்து ஒரு குரல். “கிட்டாரு!”

பிறகு பத்துக் குரல். பிறகு கைதட்டலோடு. “கிட்டாரு! கிட்டாரு! எங்க பாட்டப் போடு!”

முதலாளி அவசரமாக அடுத்த பாட்டை எடுத்தார். முதல் வரியிலேயே வார்த்தை மறந்தது. கீழத் தெருப் பக்கம் யாரோ ஒரு நாற்காலியை மடக்கிக் கையில் பிடித்தார். ஒரு தண்ணீர் பாட்டில் என் மேசையைத் தாண்டிப் போய் விழுந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார். பாட்டு நின்றது. என் கட்டைவிரல் ஏழாம் நம்பர் பொத்தானின் மேல் இருந்தது.

லீடு மேடையின் விளிம்புக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலது கை கம்பிகளின் மேல் இருந்தது. பிறகு அந்தக் கையைக் கீழே கொண்டுபோய்க் கிட்டாரில் செருகியிருந்த வயரைப் பிடுங்கினார்.

இரண்டு பக்கத்து ஸ்பீக்கர்களிலும் ‘டொம்’ என்று ஒரு வெடி. நான் ஏழாம் நம்பரை அமுத்தினேன். அமுத்தியது வெறும் வயரை.

அவர் கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே படியிறங்கி, என் மேசையை ஒட்டி நடந்து, கை கட்டிய வரிசைக்குப் போனார். மிஷின்காரருக்கு முன்னால் நின்றார்.

“கை எப்படி இருக்கு தம்பி?”

“உள்ள கம்பி வச்சிருக்கு.”

“ஒண்ணா? எனக்கு ஆறு.”

மிஷின்காரர் சிரிக்கவில்லை. “வாசிக்காதீங்கண்ணே. மொத தடவ நீங்க வாசிச்சப்போ மொதல்ல எறங்குனது நான். வீடியோலேர்ந்து என்னைய வெட்டிட்டானுவ. இப்போ அவனுவ பாட்டுங்குறானுவ.”

“தெரியும். ஒன்னப் பாத்துத்தானே வாசிச்சேன்.”

“வேணாம்ண்ணே. கேட்டாலே கை விண்ணுங்குது.”

“நிறுத்துன்னு சொல்லு, நிறுத்திடறேன்,” என்றார் லீடு. எத்தனை முதலாளிகள் சைகை காட்டியும் நிறுத்தாத மனிதர். “இந்த ஊருக்குக் கேக்காது. ஒனக்கு மட்டும்.”

தடித்த கம்பியில் ஆரம்பித்தார்.

நான் நான்கு நாற்காலி தள்ளி இருந்தேன். ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வயரில்லாத எலக்ட்ரிக் கிட்டார் டப்பாவில் ரப்பர் பேண்டு கட்டிய சத்தம்தான் போடும். அவருடைய கை போவதும் வருவதும் தெரிந்தது. மிஷின்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிறுத்து என்று சொல்லவில்லை.

மேலத் தெருப் பையன்கள் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். “என்னத்தடா வாசிக்கிறாரு? கேக்கலடா.” “நீ கத்துறத நிறுத்துடா மொதல்ல.” ஒருவன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். கூடவே நான்கைந்து பேர். இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். நாற்காலியை மடக்கிப் பிடித்திருந்தவர் அதை உயர்த்தினார். நான் ஹெட்போனைக் கழற்றினேன், எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்தேன், ஓடுவதற்கு ஒரு பக்கமும் இல்லை.

வந்தவர்கள் வந்து நின்றார்கள். கேட்க வேண்டுமானால் நெருங்கித்தான் நிற்க வேண்டும். நெருங்கினால் பேசாமல் நிற்க வேண்டும். கீழத் தெருக்காரர் தோளுக்குப் பக்கத்தில் மேலத் தெருக்காரர் காது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இப்போது ஒரு வார்த்தை தவறினாலும் போதும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உயர்த்திய நாற்காலி உயர்த்தியபடியே இருந்தது. லீடு அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவருடைய கண் மிஷின்காரரின் கையில் இருந்தது.

இடது கை வலது மணிக்கட்டை விட்டது. விட்ட கை தொடையில் ஒரு நீளம் தட்டியது. ஒரு குட்டை தட்டியது.

பிறகு நாற்காலிக்காரர் கை வலித்தோ என்னவோ நாற்காலியை இறக்கி, விரித்து, அதில் உட்கார்ந்தார்.

அன்று அந்தத் திடலில் அடிதடி நடக்கவில்லை. யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவும் இல்லை. மூன்று வீட்டையும் சுற்றி முதல் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் லீடு நிறுத்தினார், மேடை ஏறினார், வயரைச் செருகினார். பையன்கள் கயிற்றைத் தாண்டித் தங்கள் பக்கம் போனார்கள். அடுத்த பாட்டு நடந்தது. அந்தப் பொங்கல் கேஸ் இன்னும் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். மிஷின்காரர் மறுபடி மிஷின் ஏறினாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த வருடமே எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அதுவும் சத்தத்தை அளக்கிற வேலைதான். லீடின் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை.

ஆனால் அந்தத் திடலில் லீடின் கையை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஹெட்போன் இல்லாத என் காதில் ஒன்று கேட்டது. மிக்சரின் எந்த மீட்டரிலும் முள் அசையவில்லை. ஜெனரேட்டருக்கு அடியில், மண்ணை ஒட்டி, நொண்டியடித்துக்கொண்டே முன்னால் போகிற அந்தத் தாளம். செருப்புகள். முதலில் ஒன்றிரண்டு, பிறகு நிறைய. எந்தத் தெருச் செருப்பு முதலில் தேய்ந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மிக அருகில் கேட்ட ஒன்று மட்டும் என் மேசைக்கு அடியிலிருந்து வந்தது.